சலட் ட்ரெஸ்ஸிங்: உப்பின் அளவு நம் கையில்

அம்மாவுக்கு உயர் இரத்த அழுத்தம் என்பதால், போத்தலில் வரும் சலட் ட்ரெஸ்ஸிங்கின் லேபிளை வாசிக்கத் தொடங்கினேன். பலவற்றில் உப்பும் சீனியும் இருந்தன. வீட்டில் செய்தால் இரண்டின் அளவையும் நாமே தீர்மானிக்கலாம்.

1 மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளியில் முதலில் ஒரு சிட்டிகை உப்பைக் கரையுங்கள். எண்ணெயில் உப்புக் கரையாது. பின்னர் அரைத் தேக்கரண்டி அரைத்த கடுகு. புளியும் எண்ணெயும் சட்டெனப் பிரியாமல் அது பிடித்து வைக்கும். 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு நன்றாக அடியுங்கள்.

கழுவிய இலைகளின் ஈரத்தைத் துடையுங்கள். ஈர இலையில் ட்ரெஸ்ஸிங் ஒட்டாது. பரிமாறும்போதே கலவுங்கள். முன்கூட்டிக் கலந்தால் உப்பு மரக்கறியின் நீரை வெளியே இழுத்துவிடும்.

பச்சை உள்ளி சேர்த்தால் அன்றே முடித்துவிடுங்கள். எண்ணெய்க்குள் காற்றுப்படாமல் வெளியில் கிடக்கும் உள்ளியில், பொட்டுலிசம் நோயைத் தரும் கிருமி வளரக்கூடும்.