'ஒல்லி' என்றால் மெலிந்தவன் அல்ல!

"அம்மா, இன்னிக்கு ஒல்லி லேண்ட் பண்ணிட்டேன்! அப்புறம் கிக்ஃப்ளிப் ட்ரை பண்ணப்போ ஒரு ஸ்லாம்..."

ஜார்ஜ் டவுன் யூத் பார்க்கிலிருந்து சறுக்குப்பலகையும் கையுமாக வீடு திரும்பும் மகன் இப்படிச் சொன்னால், பெரும்பாலான தாய்மார்கள் என்ன சொல்வார்கள்? "சரி, குளிச்சிட்டுச் சாப்பிட வா" என்பார்கள். அவன் சொன்ன முதல் செய்தி பாராட்டுக்குரியது. இரண்டாவது, உடனே அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்க வேண்டிய செய்தி. சொல் புரியாததால் இரண்டுமே காற்றோடு போய்விடுகின்றன.

இளையோர் தமக்குள் பேசும் இந்த மொழியைக் கேட்டு முகம் சுளிப்போர் உண்டு. ஆனால், இப்படிப்பட்ட பேச்சு தமிழுக்குப் புதிதன்று. ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொற்களைக் 'குழூஉக்குறி' என்று நன்னூல் அன்றே வகைப்படுத்திவிட்டது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதையும், யானைப் பாகர் ஆடையைக் 'காரை' என்பதையும் பள்ளியில் இலக்கணப் பாடமாகப் படித்தவர்கள் நம்மில் பலர். சறுக்குப்பலகை இளையோரின் சொற்களும் அந்த வரிசையில் வருபவைதாம். அவற்றில் பெரும்பாலானவை பிறரிடம் எதையும் மறைக்கப் பிறந்தவை அல்ல. நீண்ட விளக்கத்தை ஒரே சொல்லில் முடித்துவிடப் பிறந்தவை.

பெயரில் இருக்கிறது கதை

1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கடலில் அலைச்சறுக்கு ஆடியவர்கள் அலை இல்லாத நாள்களில் தரையில் சறுக்கத் தொடங்கினர். சக்கரம் பூட்டிய பலகை அப்படித்தான் பரவியது. அதனோடு புதுப்புதுச் சொற்களும் வந்தன.

'ஒல்லி' என்பது ஒருவரின் செல்லப் பெயர். ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஆலன் கெல்ஃபாண்ட் என்பவரை நண்பர்கள் அப்படித்தான் அழைத்தனர். 1970களின் பிற்பகுதியில், பலகையைக் கையால் பிடிக்காமலேயே சரிவுச் சுவரிலிருந்து அதனோடு மேலெழும்பிக் காட்டினார் அவர். அந்த வித்தைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. 1980களின் தொடக்கத்தில் ரோட்னி மல்லன் அதைச் சமதரைக்குக் கொண்டு வந்தார்.

செய்முறை இதுதான். பின்காலால் பலகையின் வால்பகுதியைத் தரையில் பட்டென்று மிதிக்க வேண்டும். முன்பகுதி எழும்பும் அதே கணத்தில் முன்காலைப் பலகைமேல் உரசியபடி முன்னே கொண்டுபோக வேண்டும். பலகை காலோடு ஒட்டியதுபோல் காற்றில் எழும். இத்தனையையும் ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? 'ஒல்லி' என்றால் போதும். அப்படி எழும்பும்போது பலகை காலடியில் ஒரு சுற்று உருண்டு திரும்பினால் அது 'கிக்ஃப்ளிப்'.

எண்களைக் கேட்டும் மிரள வேண்டியதில்லை. 180 என்றால் அரைச் சுற்று. 360 என்றால் முழுச் சுற்று. மைக் மெக்கில் 1984-இல் செய்துகாட்டிய 'மெக்ட்விஸ்ட்' 540 பாகை, அதாவது ஒன்றரைச் சுற்று. 1999-இல் டோனி ஹாக் எட்டிப்பிடித்த '900' இரண்டரைச் சுற்று.

இடது காலை முன்வைத்து நிற்பவர் 'ரெகுலர்'. வலது காலை முன்வைப்பவர் 'கூஃபி'. கூஃபி என்பது கேலியும் அல்ல, குறையும் அல்ல. இடக்கைப் பழக்கம் போன்றதுதான். பிள்ளை எந்தக் காலை முன்வைக்கிறான் என்று தெரியாமல் "காலை மாத்தி வை" என்று அதட்டும் பெற்றோர், அவன் விழுவதற்குத் தாங்களே வழி செய்கிறார்கள்.

காப்பாற்றும் சொற்கள்

பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் நான்கு.

'பெயில்': வித்தை கைகூடாது என்று தெரிந்ததும் பலகையைக் கைவிட்டுப் பாதுகாப்பாக இறங்குவது. இது தோல்வி அல்ல; கற்றுக்கொள்ள வேண்டிய கலை.

'ஸ்லாம்': இறங்கவும் நேரமில்லாமல் பலமாக விழுவது. இந்தச் சொல் காதில் விழுந்தால் மணிக்கட்டு, முழங்கை, தலை ஆகியவற்றைக் கவனித்துப் பாருங்கள்.

'போர்டு!': கால் நழுவிய பலகை தனியே ஓடும்போது எழும் கூச்சல். இதைக் கேட்டதும் வேடிக்கை பார்ப்பவர்களும் விலகிக்கொள்ள வேண்டும். குழந்தையோடு பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு இது மிக முக்கியம்.

'ஸ்நேக்': அடுத்தவர் முறை வரும்போது குறுக்கே புகுவது. வரிசையை மீறும் பழக்கம் இங்கு மரியாதைக் குறைவு மட்டுமல்ல, இருவர் மோதிக்கொள்ளவும் காரணமாகும்.

தொலைக்காட்சி தந்த பாடம்

2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் சறுக்குப்பலகை முதன்முறையாக இடம்பெற்றது. ஜப்பானியத் தொலைக்காட்சியில் வருணனை செய்த சறுக்கு வீரர் ரியோ செஜிரி, மேடைத்தமிழ் போல மொழியை மாற்றிக்கொள்ளவில்லை. அச்சமின்றிப் பாய்ந்து ஆடுவதைக் 'கோன்ஸெமே' என்றார். பிசகின்றித் தரையிறங்குவதைப் 'பித்தாபித்தா' என்றார். களத்தில் பேசுவதையே ஒலிவாங்கியிலும் பேசினார். பார்வையாளர்கள் கோபித்துக்கொண்டார்களா? இல்லை. அந்த ஆண்டு ஜப்பானின் முதல் பத்துப் புதுச்சொற்களில் அவ்விரண்டும் இடம்பிடித்தன. காட்சியும் சொல்லும் ஒரே நேரத்தில் வந்ததால் பொருள் தானாக விளங்கியது. அந்தப் போட்டியில் தங்கம் வென்ற மொமிஜி நிஷியாவுக்கு வயது 13.

தமிழ் மண்ணிலும் இந்தப் பலகை ஓடுகிறது. மாமல்லபுரத்துச் சிறுமியைப் பற்றிய 'கமலி' என்ற ஆவணக் குறும்படம் 2019-இல் வெளிவந்து, பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

கற்பது எப்படி?

இந்தச் சொற்களை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. களத்தின் ஓரத்தில் அரை மணி நேரம் அமர்ந்து, ஒரு வித்தையைப் பார்த்துவிட்டு "இதுக்கு என்ன பேரு?" என்று பிள்ளையிடமே கேட்பது நல்ல வழி. கற்றுக்கொடுக்கும் பெருமை பிள்ளைக்கு; தெரிந்துகொண்ட நிம்மதி பெற்றோருக்கு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பலகையில் ஏறாமல் உடையையும் பேச்சையும் மட்டும் காப்பியடிப்பவரை அங்கே 'போசர்' என்று ஒதுக்குவார்கள். புதிதாகச் சேரும் இளையோர் முதலில் விழுந்து எழட்டும். சொல் தானாக நாவில் வந்து உட்காரும். பெற்றோரும் பிள்ளையின் நண்பர்கள் முன்னால் இந்தச் சொற்களை அள்ளிவிட வேண்டியதில்லை. புரிந்துகொள்வதற்கே அவை தேவை.

சொற்கள் கடல் கடப்பது பினாங்கு மக்களுக்குத் தெரியாததா? நம் 'கடை' மலாயில் 'கெடாய்' ஆனது. 'கப்பல்' 'கப்பால்' ஆனது. மரங்களைச் சேர்த்துக் கட்டி அலைமேல் சென்ற கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' ஆகி உலகைச் சுற்றியது. இப்போது இன்னொரு பலகை தன் சொற்களோடு நம் வாசலுக்கு வந்திருக்கிறது.

அடுத்த முறை மகனோ மகளோ "ஒல்லி லேண்ட் பண்ணிட்டேன்" என்றால், "அப்படியா! எத்தனை தடவை பெயில் பண்ண?" என்று கேட்டுப் பாருங்கள். அன்றைய சாப்பாட்டு மேசையில் பேச்சு நீளும்.