ஐதரசனைப் பிரிக்கும் உலோகச் சவ்வு

தேயிலையும் இறப்பரும் செழிக்கும் சப்பிரகமுவ மாகாணம் மாணிக்கக் கற்களாற் புகழ்பெற்றது. பலாங்கொடையை அடுத்த பம்பரபொட்டுவப் பகுதியின் மாணிக்கச் சரளையிற் கருநிறமான சதுரமுகிப் பளிங்குகளும் கிடைத்தன. ஆனந்த குமாரசுவாமி தலைமை தாங்கிய இலங்கைக் கனிப்பொருளளவை வழியாக அவை இலண்டன் ஆய்வாளரை அடைந்தன. 1904இல் தோரியனைற்று எனப் பெயர்பெற்றன. தோரியம் மிகுந்த இக்கனிப்பொருளைச் சூடாக்கின் ஈலிய வாயு வெளிப்படும். தோரியமும் யுரேனியமும் சிதையுங்கால் எழும் அல்பாத் துணிக்கைகளே ஈலியமாகிப் பளிங்கினுள் நெடுங்காலம் சிறைப்பட்டிருந்தன.

அந்த ஈலியமே ஐதரசனைப் பிரிக்கும் பலேடியச் சவ்வின் தரத்தைக் காட்டுவதற்கும் உதவுகின்றது. ஐதரசன் மூலக்கூறு பலேடியப் பரப்பில் இரண்டு அணுக்களாகப் பிரிந்து, உலோகத்தினுட் புகுந்து, மறுபுறத்தில் மீண்டும் இணைந்து வெளியேறும். தோமசு கிரகாம் என்பார் 1866இல் இவ்வூடுருவலை ஆராய்ந்தார். ஈலியமோ பலேடியத்தோடு சேராது. ஆதலின் குற்றமற்ற படலத்தைக் கடவாது.

படலம் மெலியுந்தோறும் ஐதரசன் விரைந்து செல்லும்; விலையுயர்ந்த பலேடியமும் குறைவாகவே செலவாகும். எனவே, நுண்டுளைகள் கொண்ட வனைபொருட் குழாயொன்றின்மேற் சில மைக்குரோன் தடிப்பில் அது படியவைக்கப்படும். முதலிற் குழாயைத் தூய்மை செய்து, வெள்ளீயக் குளோரைட்டுக் கரைசலிலும் பலேடியக் குளோரைட்டுக் கரைசலிலும் மாறிமாறித் தோய்ப்பர். இதனாற் பரப்பெங்கும் பலேடிய வித்துக்கள் ஊன்றும். பின்னர், பலேடிய உப்பும் அமோனியாவும் ஐதரசீனும் அடங்கிய வெதுவெதுப்பான கரைசலில் இட்டால், அவ்வித்துக்களைச் சுற்றி உலோகம் வளர்ந்து படலமாகும்.

தூய பலேடியத்துக்கு ஒரு குறையுண்டு. ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்குக் கீழ் ஐதரசனை ஏற்கும்போது அது பருமனிற் பெருத்து, பின் சுருங்கி, ஈற்றில் வெடிக்கும். நூற்றுக்கு 23 பங்களவில் வெள்ளியைச் சேர்த்து, உயர்வெப்பத்தில் வைத்துக் கலப்புலோகமாக்கின் இக்கேடு பெரிதும் தணியும்.

இறுதியாகச் சவ்வின் ஒருபுறம் ஈலியம் செலுத்தப்படும். மறுபுறத்தில் அது தோன்றின், கண்ணுக்குப் புலனாகாத துளையொன்று உளதென்பது தெளிவு. அத்துளையூடு பிற வாயுக்களும் நுழையுமாதலின், ஐதரசனின் தூய்மை கெடும். ஆகவே சவ்வாக்கத்தின் அருமை படலத்தை மெல்லிதாக்குவதில் மட்டுமன்று. மெல்லிதாக்கியும் பழுதறக் காப்பதிலேயே உளது.