வழுவும் வழுவமைதியும்

கணக்கிடும் கருவிகள் இரு வகையின. எண்களை மட்டும் கொண்டு கூட்டியும் கழித்தும் விடை தருவன ஒரு வகை. கடைத்தெருவில் வணிகர் கையில் இருப்பது இவ்வகையைச் சேர்ந்தது. எண்களுக்குப் பதிலாக எழுத்துகளையே கொண்டு, கோவைகளை விரித்தும் சுருக்கியும், சமன்பாடுகளைத் தீர்த்தும், மாணவன் ஒருவன் ஏட்டில் செய்வதைப் போலவே செய்து காட்டுவன மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகைக்குக் கணிப்பொறி இயற்கணித மென்பொருள் என்று பெயர். (அ + 3)² என்பதை விரிக்குமாறு ஏவினால், அ² + 6அ + 9 என்று அது விடை தரும். அ என்பது எந்த எண் என்று அது கேட்பதில்லை.

இத்தகைய மென்பொருள் நேற்று இன்று தோன்றியதன்று. அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் ஸ்லேகிள் என்பார், கல்லூரி முதலாண்டு மாணவர் செய்யும் தொகையீட்டுக் கணக்குகளைச் செய்யவல்ல நிரல் ஒன்றை 1961-ஆம் ஆண்டில் இயற்றினார். கனடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1980-ஆம் ஆண்டு மேப்பிள் தொடங்கப்பெற்றது. 1988-இல் மாத்தமாட்டிக்கா வெளிவந்தது. மாக்சிமா, சிம்பை முதலியவற்றை இன்று எவரும் பொருள் கொடாமலே பெற்றுப் பயன்படுத்தலாம். பெயர்கள் பல, ஆயினும் இவற்றைக் கையாளுவோர் அனைவரும் ஒரு நாள் ஒரே இடத்தில் வந்து திகைத்து நிற்பர். எதிர்பார்த்த விடை ஒன்று. திரையில் தோன்றிய விடை வேறொன்று. அந்நிலையில் செய்யத்தக்கது யாது?

சிலர் உடனே பொறி பிழை செய்தது என்பர். வேறு சிலர், பொறி பிழை செய்யாது என்று நம்பித் தம் அறிவை மூடி வைத்துவிடுவர். இவ்விரு சாராரும் ஆராயும் தொழிலை விட்டவர்களே. தமிழ் இலக்கணத்தார் சொற்களை ஆராயும்போது, வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்றாகப் பகுத்தனர். இலக்கண நெறி தவறியது வழு, தவறாதது வழாநிலை, தவறியதுபோலத் தோன்றினும் தக்கதொரு காரணம் பற்றி ஏற்கப்படுவது வழுவமைதி. வீட்டுப் பசுவை அன்பு மிகுதியால், ‘இவள் எங்கள் இலட்சுமி’ என்று கூறுவதைக் குற்றம் என்று எவரும் தள்ளுவதில்லை அன்றோ? கணிப்பொறியின் எதிர்பாராத விடைகளுள்ளும் பெரும்பாலானவை இவ்வகையினவே. காரணத்தைக் காணும் வரையில் அவை வழுவாகத் தோன்றும்; கண்டபின் அமைதி பெறும்.

எளியதொரு கணக்கைக் காண்க. அ² என்பதன் வர்க்கமூலம் யாது என வினவினால், வகுப்பில் உள்ளோர் பலரும் ‘அ’ என்று விடை கூறிவிடுவர். சிம்பை அவ்வாறு கூறாது. √(அ²) என்று கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும். இதனைக் கண்ட இளைஞன், ‘இவ்வளவு எளிய கணக்கும் இதற்குத் தெரியவில்லையே’ என்று நகைக்கக்கூடும். ஆனால் அ என்பது −5 ஆக இருப்பின் நிகழ்வது யாது? அதன் வர்க்கம் 25. 25-இன் வர்க்கமூலம் 5. அஃது அ அன்று, அதன் எதிரெண். ஆகவே, ‘அ’ என்னும் விடை எல்லா எண்களுக்கும் பொருந்துவதன்று. எழுத்து எவ்வகை எண்ணைக் குறிக்கும் என்று சொல்லப்படாதபோது, எல்லாவற்றிற்கும் பொருந்தாத ஒன்றைச் சொல்லிவிடாமல் மென்பொருள் வாய் மூடி நிற்கிறது. அ மெய்யெண் என்று முன்னரே அறிவித்தால், அதன் மட்டு மதிப்பை விடையாகத் தரும். நேர் எண் என்று அறிவித்தால், ‘அ’ என்றே தரும். வினாவியவன் உள்ளத்தில் இருந்து வாயில் வாராத ஒரு சொல்லே இத்தனைக்கும் காரணம். ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்ளுங்கால் இத்தகைய சொற்கள் சொல்லாமலே விளங்கும், பொறிக்கு விளங்கா.

இதனினும் வியப்பானது −8-இன் கனமூலம். −2-ஐ மும்முறை பெருக்கினால் −8 வரும். ஆதலின் விடை −2 என்பது பள்ளியில் பயின்ற உண்மை. மாத்தமாட்டிக்காவிலோ சிம்பையிலோ −8-ஐ மூன்றில் ஒரு பங்கு அடுக்கிற்கு உயர்த்தி, அதன் எண் மதிப்பைக் கேட்டால், 1 + க√3 என்பதற்கு ஒத்த கலப்பெண் தோன்றும். (இங்கே க என்பது கற்பனை அலகு, அதன் வர்க்கம் −1.) இது பிழையா? பெருக்கிப் பார்த்தால் தெரியும். 1 + க√3 என்பதைத் தன்னாலேயே பெருக்கினால் −2 + 2க√3 கிடைக்கும். அதனை மீண்டும் 1 + க√3-ஆல் பெருக்கினால், கற்பனைப் பகுதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, −8 எஞ்சும். எனவே அதுவும் கனமூலமே. −8-க்கு மூன்று கனமூலங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றே மெய்யெண். −8 என்பது எண்தளத்தில் 180 பாகைத் திசையில் உள்ளது. அக்கோணத்தை மூன்றாகப் பகுத்தால் 60 பாகை. அத்திசையில் 2 அலகு தொலைவில் உள்ள மூலத்தையே முதன்மை மதிப்பு எனக் கொள்வது கணித வல்லுநர் வகுத்துக்கொண்ட மரபு. மென்பொருள் அம்மரபில் நின்று விடை கூறியது. இதனை அறியாதவர் கனமூலத்தின் வரைபடத்தை வரையச் சொல்லிவிட்டு, பூச்சியத்திற்கு இடப்புறம் கோடே இல்லாதது கண்டு மயங்குவர். மெய்யெண் மூலமே வேண்டும் என்று கேட்பதற்குத் தனிக் கட்டளைகள் உண்டு. அவற்றைக் கையாண்டால் இடப்புறக் கோடும் தோன்றும்.

பின்னத்திற்கும் தசமத்திற்கும் உள்ள வேற்றுமையும் பலரை வழி மயங்கச் செய்வதுண்டு. பத்தில் ஒன்று என்பதைப் பின்னமாகக் கொடுத்தால், இயற்கணித மென்பொருள் அதனை நுனி முதல் அடி வரை பிசகாமல் வைத்துக்கொள்ளும். 0.1 என்று தசமமாகக் கொடுத்தாலோ, கணிப்பொறி அதனை இரண்டின் அடுக்குகளால் ஆகிய பின்னமாக மாற்ற முயலும். மூன்றில் ஒன்றைத் தசமமாக எழுதி முடிக்க இயலாதவாறு போலவே, பத்தில் ஒன்றை அம்முறையில் எழுதி முடிக்க இயலாது. ஆகவே, அண்மையான ஓர் எண்ணே உள்ளே செல்லும். 0.1-உடன் 0.2-ஐக் கூட்டிப் பைதான் மொழியில் பார்த்தால், 0.30000000000000004 என்று தோன்றுவது இதனால்தான். சிம்பை அப்பைதான் மொழியிலேயே இயங்குவது. அதில் 1/3 என்று எழுதினால், அது சிம்பையின் கைக்கு எட்டுமுன்பே பைதான் அதனை வகுத்துத் தசமமாக்கிவிடும். மூன்றில் ஒன்று என்று கேட்டவன் 0.333 எனத் தொடங்கும் ஒரு நீண்ட எண்ணைக் கண்டு திகைப்பான். பின்னத்தைப் பின்னமாகவே அறிவிக்கும் கட்டளையைப் பயன்படுத்தினால் இத்தொல்லை இல்லை.

முன்னைய கணக்கின் எச்சமும் ஒரு காரணம். காலையில் அ = 2 என்று கூறியதைக் கூறியவன் மறந்திருப்பான்; பொறி மறவாது. மாலையில் (அ + 1)²-ஐ விரிக்கச் சொன்னால், அது 9 என்று மட்டும் சொல்லும். மென்பொருளை மூடிப் புதிதாகத் திறந்து அதே வினாவைக் கேட்பது, இத்தகைய மயக்கத்தை நொடியில் தீர்க்கும். இதைச் செய்யாமல் நெடுநேரம் வீணாக்கினோர் பலர்.

ஒரே விடை இரு வேறு உருவில் தோன்றுவதும் உண்டு. புத்தகத்தின் விடை ஒருவாறு இருக்கும். பொறியின் விடை வேறு வாய்பாட்டில் இருக்கும். இரண்டும் ஒன்றே என அது தானே உணர்ந்து சுருக்கக் கூடாதா எனில், எப்பொழுதும் கூடாது. எழுத்துகளும் சைன் முதலிய சார்புகளும் கலந்த கோவை ஒன்று பூச்சியத்திற்குச் சமமா என்பதை எல்லா இடத்தும் தவறாமல் தீர்மானிக்கும் பொதுமுறை ஒன்று இருத்தல் இயலாது என்பதை டேனியல் ரிச்சர்ட்சன் என்னும் அறிஞர் 1968-ஆம் ஆண்டிலேயே நிறுவினார். எனவே, இக்குறை எந்த நிறுவனத்தின் திறமைக் குறைவும் அன்று. இரண்டு விடைகளையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, எழுத்துக்கு ஈடாக இரண்டு மூன்று எண்களை இட்டுப் பார்த்தல் வேண்டும். ஓரிடத்திலேனும் பூச்சியம் வாராவிடின் அவை வேறானவை. எங்கும் பூச்சியமே வருமாயின், ஒன்றாதல் கூடும் என்று கொண்டு, நிறுவ முற்படலாம். தொகையீட்டு விடைகளில் மட்டும், வேற்றுமை எங்கும் ஒரே மாறிலியாக இருப்பின் அதுவும் ஏற்கத்தக்கதே.

பொறியைப் பழித்தவர் தோற்றுப்போன நிகழ்ச்சி ஒன்று கணித உலகில் பெயர் பெற்றது. ‘சைன் அ’ என்பதை அ-ஆல் வகுத்தால் வரும் சார்பைப் பூச்சியத்திலிருந்து முடிவிலி வரையில் தொகையிட்டால், விடை ‘பை’ என்னும் வட்ட எண்ணில் சரிபாதி. அச்சார்பை, அ இருக்கும் இடத்தில் அ-வின் மூன்றில் ஒரு பங்கை இட்டுப் பெற்ற சார்பினால் பெருக்கித் தொகையிட்டாலும் அதே பாதி. ஐந்தில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு என்று ஒற்றைப்படையாக ஒவ்வொன்றாய்ச் சேர்த்துப் பதின்மூன்றில் ஒரு பங்கு வரை சென்றாலும், விடை சிறிதும் மாறுவதில்லை. பதினைந்தில் ஒரு பங்கைச் சேர்த்தவுடன் அவ்வொழுங்கு முறிகிறது! விடை, பாதியைவிட ஏறத்தாழ 0.0000000000231 குறைந்துவிடுகிறது. டேவிட் போர்வைன், அவர் மகன் ஜோனதன் போர்வைன் ஆகிய இருவரும் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் இவ்வியல்பு விளக்கப்பெற்றது. இதனை இயற்கணித மென்பொருளைக் கொண்டு சரிபார்த்த ஆராய்ச்சியாளர் ஒருவர், ஏழு முறை மாறாத விடை எட்டாம் முறை இத்துணைச் சிறிதளவு மாறுவது மென்பொருளின் வழுவே என்று முடிவு கட்டினார். விடை வழுவன்று, எட்டாம் முறையும் முன்னைப்போலவே வரும் என்ற எதிர்பார்ப்பே வழு.

காரணத்தைப் பள்ளி மாணவரும் கூட்டிப் பார்க்கலாம். மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்பது முதலாகப் பதின்மூன்றில் ஒன்று ஈறாக உள்ள பின்னங்களைக் கூட்டினால், ஏறத்தாழ 0.955 வரும், அஃது ஒன்றுக்குக் குறைவு. பதினைந்தில் ஒன்றையும் கூட்டினால் 1.022 ஆகி, ஒன்றைக் கடந்துவிடும். கூட்டுத்தொகை ஒன்றைக் கடவாத வரையில் விடை பாதியாகவே நிற்கும், கடந்தபின் குறையும். இத்துணை நுண்ணிய வேற்றுமையைப் பொறி காட்டியது என்றால், அதன் கணக்கு எவ்வளவு செவ்விது! பதினொரு தசம இடங்களில் அடங்கிக் கிடந்த உண்மையை, ‘ஏதோ சிறு பிசகு’ என்று ஒதுக்கியிருந்தால் அஃது இழக்கப்பட்டிருக்கும்.

இதுகாறும் கூறியவற்றால் மென்பொருள் ஒருகாலும் தவறாது என்று எண்ணிவிடுதல் ஆகாது. ஸ்பெயின் நாட்டுக் கணித அறிஞர்களான அந்தோனியோ துரான், மாரியோ பேரேஸ், ஹுவான் வரோனா ஆகிய மூவரும் அணிக்கோவைகளைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றில் ஈடுபட்டிருந்தனர். முழு எண்களால் ஆகிய அணியின் அணிக்கோவை முழு எண்ணாகவே இருக்கும். அதில் அண்மை மதிப்பு, முதன்மை மதிப்பு என்னும் பேச்சுக்கே இடமில்லை. ஆயினும் அவர்கள் கண்ட விடைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. அவர்கள் பழித்துவிட்டும் போகவில்லை, நம்பிவிட்டும் போகவில்லை. தம் ஆராய்ச்சியின் பெரும்பகுதியை நீக்கி நீக்கி, குற்றம் எந்த ஓரிடத்தில் தோன்றுகிறதோ அதுமட்டும் எஞ்சும்வரை கணக்கைச் சுருக்கினர். இறுதியில் எஞ்சியது, மிகப் பெரிய முழு எண்களால் ஆகிய ஓர் அணி. அதன் அணிக்கோவையை மாத்தமாட்டிக்கா தவறாகக் கணித்தது; அதனோடு அமையாமல், அதே அணிக்கோவையை அடுத்து மீண்டும் கேட்டபோது வேறொரு விடையையும் தந்தது.

இங்கே எந்த அமைதிக்கும் வழியில்லை. எழுத்தின் வகை சொல்லப்படவில்லை என்று சாக்குக் கூற அதில் எழுத்தே இல்லை, தசமமும் இல்லை. மாறாத ஒரு வினாவுக்கு ஒரே பொறி இரண்டு விடை கூறுமாயின், அவற்றுள் ஒன்றேனும் பொய் என்பதைச் சரியான விடை தெரியாதவனும் துணிந்து சொல்லலாம். மூவரும் இதனை 2013-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மென்பொருளை ஆக்கியோர்க்கு அறிவித்தனர். பின்னர், அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் 2014-ஆம் ஆண்டு நவம்பரில் கட்டுரையாக வெளியிட்டனர். ‘உங்கள் பொறி கெட்டது’ என்று அவர்கள் எழுதி அனுப்பவில்லை. எந்தப் பதிப்பில் இது நிகழ்ந்தது, அணியை அமைப்பது எவ்வாறு, எந்தக் கட்டளையைத் தட்ட வேண்டும் என்று, படிப்பவர் எவரும் தம் கணிப்பொறியில் தாமே செய்து பார்க்குமாறு, சில வரிகளில் எழுதிக் காட்டியிருந்தனர்.