உருவப்படமும் ஒப்புநோக்கும்

ஒருவரது உருவை வரைந்து, அவரை நன்கறிந்தார்முன் வைக்குங்கால், "படம் நன்றாயிருக்கிறது; ஆனால் அவரைப்போல் இல்லை" என்னுஞ் சொல்லே பயில்வோர் பலர்க்கும் முதற்கண் கிடைப்பதாகும். மரத்தை வரையுமிடத்துக் கிளையொன்று கோணினும் மரம் மரமேயாம். முகத்திலோ ஒரு நெல்லளவுப் பிறழ்ச்சியும் ஆளையே மாற்றிவிடும். காலஞ்சென்ற தந்தையின் படத்தை மனைவி மக்கள் நோக்கி, "இவர் யாரோ" என்பராயின், அதன்கணுள்ள நிழலும் மெருகும் யாது பயன் தரும்? ஆதலின் சாயல் தவறுவது எதனால், அதனைத் திருத்துவது எங்ஙனம் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சாயலென்பது கண், மூக்கு, வாய் என்னும் உறுப்புக்களில் தனித்தனியே உறைவதன்று. அவற்றிடையேயுள்ள தொலைவிலும் சாய்விலுமே பெரிதும் உறைவது. நாமோ காண்பதை விடுத்து, முகம் இன்னவாறிருக்குமென்று அறிந்ததையே வரைகின்றோம். வளர்ந்தாரது தலையின் உயரத்தை இரு கூறாக்கினால் கண்கள் ஏறக்குறைய நடுக்கோட்டிலேயே நிற்கும். பயில்வோர் பெரும்பாலும் அவற்றை மேலேற்றிவிடுவர். நெற்றியும் உச்சியும் கருத்தைக் கவராமையின் அவற்றிற்குரிய இடம் குறைந்துபோகின்றது. பின்னர்க் கண்களை எத்துணை அழகுற எழுதினும் சாயல் வாராது.

இனி, வரைந்தவன் தன் பிழையைத் தானே காண்டல் அரிது. நெடுநேரம் நோக்கிய பிழை கண்ணுக்குப் பழகிவிடும். இத்தாலிய ஓவியர் லியொனார்டோ டா வின்சி (1452–1519), படத்தைக் கண்ணாடியிற் காண்டலும், இடையிடையே வேலையை விட்டகன்று மீள்தலும், பிறர் கூறுங் குறையை விருப்புடன் கேட்டலும் வேண்டுமென்று எழுதிவைத்தனர். கண்ணாடியில் இடம் வலமாய்த் திரும்பிய படம் பிறனொருவன் எழுதியதுபோலத் தோன்றுதலின் கோணல் உடனே புலனாகும். மூலத்தையும் படத்தையும் தலைகீழாக வைத்து ஒப்பிடுதலும் இத்தகையதே. தலைகீழாயவழி இனங்காண்டற்கு ஏனைப் பொருள்களினும் முகமே மிக அரியதாகின்றதென 1969-இல் ராபர்ட் யின் என்னும் அறிஞர் ஆய்ந்து காட்டினர். முகம் முகமாய்த் தோன்றாதபோது கோடும் இடைவெளியுமே எஞ்சி நின்று ஒப்பிடற்கு எளியவாகின்றன.

பிறர் சொல்லைக் கேட்டற்கும் ஒரு முறையுண்டு. அலெக்சாந்தரின் ஓவியனாகிய அப்பெல்லீஸ் தன் படங்களை வழிச்செல்வோர் காண வைத்து, அவற்றின் பின்னே மறைந்திருந்து அவர் கூறுவதைக் கேட்பானாம். மிதியடியில் கண்ணியொன்று குறைந்ததெனச் செருப்புத் தைப்போனொருவன் சொல்ல, அதனைத் திருத்தினான். மறுநாள் அவன் காலையும் பழிக்கவே, மிதியடிக்கு மேற்செல்லற்க என்று தடுத்தான். இதனை உரோம ஆசிரியர் பிளினி உரைக்கின்றார். அவரவர் அறிந்ததை அவரவரிடம் கேட்டலே தக்கது. முகத்தை அறிந்தவர் வீட்டாரே. ஆயினும் அவர்கள் குறையுண்மையை அறிவரேயன்றி, அதன் இடத்தை எப்பொழுதும் அறியார். "கண் சரியில்லை" என்பர்; மெய்யான பிழை புருவத்திற்கும் கண்ணிற்கும் இடைப்பட்ட வெளியிலோ தாடையின் அகலத்திலோ இருக்கும். அவர் சொற்கேட்டுக் கண்ணையே அழித்தழித்து எழுதுதல் வீணாம்.

பிழையின் இடத்தை அளந்தே காணல்வேண்டும். எதிரிலமர்ந்தாரை வரைவோர் கையை முற்றும் நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, முகத்தின் அகலம் உயரத்தில் எத்துணைப் பங்கென்று காண்க. நிழற்படத்தைப் பார்த்து எழுதுவோர் கவராயத்தால் அளக்கலாம். பின்பு, கொத்தர் தூக்குநூல் விடுவதுபோலக் கண்ணின் உட்கோடியினின்று நேர்கீழே ஒரு கோட்டைக் கருதி, அது மூக்கின் ஓரத்தையும் வாயையும் எவ்விடத்துச் சாருமெனப் பார்க்க. கடைக்கண் இரண்டையும் வாயின் நடுவையும் இணைக்கும் முக்கோணத்தை மூலத்தினும் படத்தினும் ஒப்பிடுக. பெரிய அளவுகளை முன்னும் சிறியவற்றைப் பின்னுமாக, ஒருமுறைக்கு ஒன்றே திருத்துக. திருத்தியது இன்னதென்று கூறாமல், முன்னர்க் குறை சொன்னவரிடமே மீட்டுங் காட்டுக.

இவையெல்லாம் கோடு மெல்லிதாயிருக்கும்போதே செய்யத்தக்கன. நிழலிட்டு மெருகேற்றிய கண்ணை நெல்லளவு கீழிறக்க எவர்க்கும் மனம் வாராது. ஆதலின் மாணவ நண்பர்காள், படம் முடிந்தபின் புகழ் கேட்பதினும், முடியாமுன் குறை கேட்பது நன்று.