பழைய கலவையும் புதிய உரிமையும்

பொன்னோடு செம்பு சேர்த்தால் நகை உறுதிப்படும் என்பது நாம் அறிந்ததே. செம்பைக் குன்றிமணி அளவு கூட்டிய தட்டார் ஒருவர், "இக்கலவை என் புத்தமைப்பு, பிறர் செய்யலாகாது" என்று காப்புரிமை கேட்டால் ஒப்புக்கொள்வோமா? இவ்வினாவுக்கு விடை காண, அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன்.

டைட்டேனியம் மெட்டல்ஸ் என்னும் நிறுவனம் ஒரு கலப்புலோகத்துக்கு உரிமை கோரியது. டைட்டேனியத்தில் நூற்றுக்கு 0.6 முதல் 0.9 பங்கு நிக்கலும், 0.2 முதல் 0.4 பங்கு மாலிப்டினமும் சேர்ந்தது அது. சூடான உப்புநீர் அதை எளிதில் அரிப்பதில்லை. ஆனால் காப்புரிமை அலுவலகம் 1970இல் வெளிவந்த ரஷ்யக் கட்டுரை ஒன்றைக் காட்டி உரிமையை மறுத்தது. அக்கட்டுரையின் வரைபடத்தில், 0.75 பங்கு நிக்கலும் 0.25 பங்கு மாலிப்டினமும் கொண்ட கலவை ஒரு புள்ளியாக இருந்தது. உப்புநீர் அரிப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

கீழ்நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. முதலில், அது புதியதா என்று பார்த்தது. அந்த ஒரு புள்ளி கோரிய எல்லைக்குள் அடங்கிவிட்டது. ஆகவே அகன்ற கோரிக்கை வீழ்ந்தது. நிறுவனம் குறுகிய கோரிக்கை ஒன்றும் வைத்திருந்தது: நிக்கல் 0.8, மாலிப்டினம் 0.3. இவ்விகிதம் கட்டுரையில் இல்லை, எனவே புதியதே. ஆயினும் 0.75க்கு 0.25 என்பது ஒரு பக்கமும், 0.94க்கு 0.31 என்பது மறுபக்கமும் அக்கட்டுரையிலேயே இருந்தன. இவ்வளவு நெருங்கிய கலவைகள் ஒரே குணம் உடையனவாக இருக்கும் என்றே துறை அறிந்தவர் எதிர்பார்ப்பார். ஆகவே அது எளிதில் புலப்படுவதே என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

அரிப்பைத் தாங்கும் குணத்தைக் கண்டவரின் உழைப்பு வீணா என்று நீங்கள் கேட்கலாம். அந்த அறிவு மெய்யானதே. ஆனால் காப்புரிமை அறிவுக்குத் தரும் பரிசு மட்டுமன்று. பிறரைத் தடுக்கும் வேலியுமாகும். பழைய கட்டுரையைப் படித்து அக்கலவையை வார்ப்பவரையும் அவ்வேலி தடுத்துவிடும். பொதுவில் கிடந்ததைத் தனியுடைமையாக்குதல் முறையாகாது. நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவும், அறிந்த பொருளில் புதுக்குணம் காண்பது மட்டும் புத்தமைப்பாகாது என்கிறது.

அப்படியானால் சிறு மாற்றம் ஒருபோதும் வெல்லாதா? வெல்லும். அண்டைக் கலவைகளிடம் இல்லாத, எவரும் எதிர்பாராத சிறப்பு தம் விகிதத்துக்கு உண்டு என்று சோதனையால் காட்டினால் வழி திறக்கும். நாளை ஆய்வுக்கூடம் புகும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுவே: உலையை மூட்டுமுன் நூலகத்தைத் திறவுங்கள், பின்னர் உங்கள் கலவையை அதன் அண்டைக் கலவையோடு ஒப்பிட்டு அளந்து பாருங்கள்.