தெரியாத எண்ணிலிருந்து வரும் சேலைப் படம்

"இதே கலர், இதே பார்டர் கிடைக்குமா?" என்று அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. காஞ்சிபுரம் காந்தி ரோடு கடைக்காரரோ பிள்ளையார்பாளையத்து நெசவாளரோ அதைத் திறக்காமல் இருக்க முடியாது, அது பிழைப்பு. "தெரியாத படத்தைத் தொடாதீர்கள்" என்ற அறிவுரை இந்த ஊருக்கு உதவாது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதுதான் தெரிய வேண்டும்.

படத்துக்குள் தகவலை ஒளிக்க முடியும் என்பது உண்மை. ஜக்கார்டு தறிக்கு கிராஃப் தாளில் போடும் டிசைன் போல டிஜிட்டல் படமும் கட்டம் கட்டமானது. ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு 0 முதல் 255 வரை ஓர் எண். 200 இருக்கும் இடத்தில் 201 இருந்தால் எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. இப்படி ஒன்றைக் கூட்டியும் குறைத்துமே, 10 லட்சம் கட்டமுள்ள படத்தில் 3.75 லட்சம் ஆங்கில எழுத்துகளைப் புதைத்துவிடலாம்.

புதைத்தது தானாக எழுந்து பணத்தை எடுக்காது. போனில் ஏற்கெனவே கெட்ட செயலி இருக்க வேண்டும், அல்லது படத்தைக் காட்டும் மென்பொருளில் ஓட்டை இருக்க வேண்டும். இரண்டாவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. வாட்ஸ்அப் படம் போலப் பெயரிட்ட டிஎன்ஜி வகைப் படக் கோப்புகளுக்குள் உளவு மென்பொருளை வைத்து, மேற்காசியாவில் சாம்சங் கேலக்ஸி போன்களைக் குறிவைத்ததை இணையப் பாதுகாப்பு நிறுவனமான பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் ஆய்வாளர்கள் 2025 நவம்பரில் வெளியிட்டார்கள். சாம்சங் அந்த ஓட்டையை அதே ஆண்டு ஏப்ரலில் அடைத்திருந்தது. அப்டேட் செய்யாத போனுக்கு அந்த அடைப்பு கிடையாது.

நம் சேமிப்பைக் கரைப்பது பெரும்பாலும் படமே அல்ல, படம் என்று சொல்லி வரும் ஏபிகே, அதாவது செயலியை நிறுவும் கோப்பு. சாதாரணப் படத்தை வாட்ஸ்அப் சுருக்கித்தான் அனுப்புகிறது. உள்ளே நுணுக்கமாக ஒளித்தது அதிலேயே பெரும்பாலும் சிதைந்துவிடும். டாக்குமென்ட்டாக வருவது அப்படியே வந்து சேரும். சேலையைப் பார்க்க "இன்ஸ்டால்" செய்யச் சொன்னால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். படத்துக்கு இன்ஸ்டால் தேவையே இல்லை.

பணம் போய்விட்டதா? முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள், உடனே வங்கிக்கும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போட்டால் பணம் கைமாறிக்கொண்டே போகும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிகள் நம் பக்கம் நிற்கின்றன. தவறு உங்களுடையதும் வங்கியுடையதும் இல்லாதபோது, வங்கியின் தகவல் வந்ததும் தாமதிக்காமல் வங்கியிடம் புகார் செய்தால் இழப்பு உங்களைச் சேராது. நீங்களே ஓடிபி கொடுத்திருந்தால்கூட, புகார் செய்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. "உங்கள் கவனக்குறைவு" என்று வங்கி கைவிரித்தால் தயங்காமல் கேளுங்கள்: அதை நிரூபிக்கும் கடமை வங்கிக்குத்தான்.

வந்த கோப்பை அழிக்காதீர்கள், யாருக்கும் ஃபார்வர்டும் செய்யாதீர்கள். போலீசாருக்கு அசல் கோப்புதான் சாட்சி. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. வங்கி 30 நாளில் தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.