காமிராக் கண்ணும் சாலைக் காவலும்

மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண விழைவார்க்கு இந்நாளில் வழிகள் பல. செங்கற்பட்டினின்றும் திருக்கழுக்குன்றத்தின் வழியே செல்லும் பழைய சாலை ஒன்று. சென்னைத் திருவான்மியூரினின்றும் முட்டுக்காடு, கோவளம் வழியாகக் கடலை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை மற்றொன்று. முன்னதில் விரைந்து செல்லல் அரிது. பின்னதில் மெல்லச் செல்லல் அரிது. விடுமுறை நாட்களின் விடியற்காலையில் அக்கடற்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிள்கள் பந்தயக் குதிரைகளெனப் பறத்தலை அறியாதார் இப்பகுதியில் இலர். அவற்றை ஓட்டுவாருட் பலர் எம்மனைய கல்லூரி மாணவரே. ஆதலின் ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள் நமக்கு அயலானதன்று.

வண்டிகளின் விரைவை அளந்து, வரம்பு கடந்தாரைப் படம் பிடித்து, அவர்தம் இல்லத்திற்கு அபராதச் சீட்டு அனுப்பும் காமிராக்கள் நம் நாட்டுச் சாலைகளில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. இவை மெய்யாகவே உயிர்களைக் காக்கின்றனவா? அன்றி, அரசின் கருவூலத்தை நிரப்பும் உண்டியல்களேயா? இவ்விரு கூற்றும் நம் விடுதித் தாழ்வாரத்திலும் பேருந்திலும் அன்றாடம் கேட்கப்படுகின்றன. சினமின்றியும் சார்பின்றியும் இதனைச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், விரைவு அத்துணைக் கொடியதோ என்பதை நோக்குவாம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவருள் தமிழ்நாட்டினர் 17,884 பேர். அவ்வாண்டில் நாட்டிலேயே மிகுதியான விபத்துகள், அஃதாவது 64,105, நிகழ்ந்ததும் நம் மாநிலத்திலேதான். நாடெங்கும் மாண்டாருள் நூற்றுக்கு 71 பேரின் சாவிற்கு அளவிறந்த விரைவே காரணமென மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. எனினும் இக்கணக்கு காவலர் எழுதிய காரணத்தை அடியொற்றியது என்பதை மறத்தலாகாது. ஓட்டியவன்மேற் குற்றஞ் சாட்டுதல் எளிது; வளைவின்மேலும் விளக்கில்லாத இருளின்மேலும் குற்றஞ் சாட்டுதல் அரிது. ஆகவே அறிக்கையை விடுத்துக் கணிதத்தையே சான்றாகக் கொள்வோம்.

இரு கார்கள் இணையாகச் செல்கின்றன எனக் கொள்க. ஒன்றின் விரைவு மணிக்கு 60 கிலோமீட்டர்; மற்றதன் விரைவு 80. 45 மீட்டர் தொலைவில் ஒரு சிறுவன் குறுக்கே ஓடி வருகின்றான். கண்டது மனத்திற் பட்டுக் கால் பிரேக்கை அழுத்துதற்கு ஒன்றரை விநாடி செல்லும். அதற்குள் முதற் கார் 25 மீட்டர் ஓடிவிடுகின்றது. எஞ்சிய 20 மீட்டரில் அது சிறுவனைத் தீண்டாது நிற்கும். இரண்டாவது காரோ அவ்வொன்றரை விநாடியில் 33 மீட்டரைக் கடந்துவிடுகின்றது. எஞ்சியவை 12 மீட்டரே. அச்சிறு தொலைவில் அதன் விரைவு சிறிதே குறையும். சிறுவன்மேல் மோதுங்கால் அது ஏறத்தாழ 65 கிலோமீட்டர் விரைவிற் செல்லும். விரைவின் வேறுபாடு இருபதே. விளைவின் வேறுபாடோ உயிருக்கும் சாவிற்கும் உள்ளது. சராசரி விரைவு நூற்றுக்கு ஒன்று கூடின் உயிர்ப்போக்கு விபத்துக்கள் நூற்றுக்கு நான்கு கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுதல் இதனொடு பொருந்துகின்றது.

இனி, அக்கருவி இயங்கும் வகையைக் காண்போம். செங்கற்பட்டுச் சந்திப்பில் நில்லாது செல்லும் விரைவு ரயிலின் ஊதல், அணுகுங்கால் உரத்த சுருதியிலும் அகலுங்கால் தாழ்ந்த சுருதியிலும் ஒலித்தலை நாம் கேட்டிருக்கின்றோம். ரேடார் கருவியும் இந்நெறியே பற்றியது. அது விடுக்கும் அலை வண்டியின்மேற் பட்டு மீளுங்கால் அதிர்வெண் மாறுகின்றது. அம்மாற்றத்தின் அளவினின்றும் வண்டியின் விரைவு கணிக்கப்படுகின்றது. வரம்பு மிகின் காமிரா படமெடுக்கும். எண் பலகையைக் கணிப்பொறி படித்துக்கொள்ளும். இக்கருவியின் வரலாற்றில் ஒரு வியப்பும் உண்டு. இதனை ஆக்கிய காட்ஸோனிடெஸ் என்னும் டச்சுக்காரர் ஒரு கார்ப் பந்தய வீரர். வளைவுகளில் தாம் இன்னும் விரைந்து செல்வது எவ்வாறு என்று அறியவே அவர் விரைவை அளக்கத் தலைப்பட்டார். விரைவை வளர்க்கப் பிறந்த கருவியே பின்னர் விரைவைத் தடுக்க நின்றது.

பயன் யாது என்பதற்கு வருவோம். பல நாடுகளில் நடந்த 35 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2010-ல் காக்ரேன் நிறுவனம் ஓர் ஆய்வு வெளியிட்டது. காமிரா நாட்டிய இடங்களினருகே உயிர்ப்போக்கும் கொடுங்காயமும் விளைத்த விபத்துக்கள் நூற்றுக்கு 11 முதல் 44 வரை குறைந்தன என்பது அதன் முடிபு. ஆராய்ச்சிகளின் தரம் இன்னும் உயர்தல் வேண்டுமென்று அவ்வாய்வாளரே ஒப்புக்கொண்டாராயினும், குறைவு காணப்பட்டது ஒரு நாட்டில் மட்டுமன்று. ஆராய்ந்த இடமெல்லாம் காணப்பட்டது.

எனினும் ஐயவாதிகள் கூறுவனவும் புறக்கணிக்கத் தக்கன அல்ல. அவர் கூற்றுக்கள் இரண்டு. காமிராவை எங்கே நாட்டுகின்றனர்? சென்ற ஆண்டு விபத்து மிக்கிருந்த இடத்தில். மிக்கது எதுவும் அடுத்த ஆண்டு தன் இயல்பான அளவிற்குத் தானே தாழ்தல் உலக வழக்கு. பெருமழை பெய்த ஊரில் ஒரு குடையை நட்டு, மறு ஆண்டு மழை குறைந்தது குடையினால் என்று கூறுதல் எத்தகையதோ, அத்தகையதே காமிராவிற்குப் புகழ் முழுவதையும் அளித்தல். இங்கிலாந்தில் 2005-ல் வெளிவந்த அரசறிக்கை, காமிரா இடங்களில் மாண்டோரும் கொடுங்காயமுற்றோரும் நூற்றுக்கு 42 குறைந்தனர் என்றது. இவ்வியல்பான தாழ்வைக் கழித்துப் பார்த்தபோது காமிராவின் பங்கு அதனினும் மிகச் சிறிதாயிற்று. சிறிதாயிற்றேயன்றி இல்லையாகவில்லை என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது.

மற்றொன்று, காமிராவைக் கண்டதும் தாழ்ந்து, கடந்ததும் தாவும் ஓட்டுநர் இயல்பு. இதனைக் கங்காருத் துள்ளல் என்பர். இங்கிலாந்தின் காமிராக்களை ஆராய்ந்த ஒருவர் 2017-ல் வெளியிட்ட கட்டுரையில், காமிராவைச் சுற்றி 500 மீட்டருக்குள் உயிரிழப்பு பாதிக்கு மேல் குறைந்ததையும், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் விபத்து மீண்டும் தலைதூக்கியதையும் ஒருங்கே காட்டினார். காவலன் நிற்கும் வாயிலில் திருடன் பணிந்து செல்லுதல் போலும் இது.

நம் நாட்டுச் சான்றொன்றும் உண்டு. பெங்களூர் மைசூர் விரைவுச் சாலையில் 2023-ல் மாண்டோர் 188 பேர் என்றும், 2024-ல் 50 பேர் என்றும் கருநாடகக் காவல்துறை அறிவித்தது. அங்குக் காமிராக்கள் நாட்டப்பட்டது உண்மை. ஆனால் 2023 ஆகஸ்டு முதல் மோட்டார் சைக்கிள்களும் ஆட்டோக்களும் டிராக்டர்களும் அவ்விரைவுச் சாலையிற் செல்லத் தடுக்கப்பட்டமையும் உண்மையே. இவ்வெற்றியில் காமிராவின் பங்கு எத்துணை, தடையின் பங்கு எத்துணை என்று பிரித்தல் எளிதன்று. கேரளத்திலோ 2023 ஜூன் மாதத்தில் இயங்கத் தொடங்கிய 726 காமிராக்களுள் விரைவை அளப்பன எட்டே. பெரும்பாலன தலைக்கவசமும் இருக்கைப் பட்டியும் அணியாதாரைக் காண்பன. காமிரா என்னும் ஒரே பெயரால் வெவ்வேறு மருந்துகளை வழங்குகின்றோம் என்பது இதனாற் புலனாகும்.

நூலறிவோடு நில்லாது, யாமும் நண்பர் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோவளத்திற்குத் தெற்கே ஒரு பேருந்து நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் நின்று நோக்கினோம். சாலையின் கீழ்ப்புறம் மீனவர் குப்பம். பேருந்து நிற்பதோ மேற்புறம். மீன்கூடை சுமந்த அம்மையார் ஒருவர் நடுத்திட்டில் ஏறி நின்று, வண்டிகள் ஓயும் வரை காத்திருந்து கடந்தார். விரைவளக்கும் கருவியொடு காவலர் நிற்பதால் நன்மை உண்டா என அவரை வினவினோம். “போலீசு நிக்கற அன்னைக்கு வண்டிங்க மெதுவாத்தான் வருது தம்பி. ஆனா நாங்க தாண்டறது அவங்க நிக்கற எடத்துல இல்லியே” என்றார். பல ஏடுகள் புரட்டி யாம் அறிந்ததை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். 2022-ல் நம் நாட்டில் சாலையில் மாண்டாருள் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியினர். 19 பேர் நடந்து சென்றோர். இவர்களைக் காவாத காவல் காவலாகாது.

எம் விடுதித் தோழர் ஒருவர் அச்சாலையிலேயே ஓரிரவு விழுந்து, கால் ஒடிந்து, ஒரு பருவத் தேர்வை இழந்தார். குறுக்கே நின்றது ஒரு மாடு; அங்கே விளக்கில்லை. காமிரா இருந்திருப்பினும் மாட்டை அகற்றியிராது என்று அவர் கூறுவர். உண்மையே. ஆனால், “இருபது குறைத்துச் சென்றிருந்தால் மாட்டைக் கண்டிருப்பேன்” என்பதையும் அவரே கூறுவர்.

ஆயின் செய்யத் தக்கது யாது? ஓரிடத்துக் காமிராவினும் இரட்டைக் காமிரா சிறந்தது. 12 கிலோமீட்டர் இடைவெளியில் இரு காமிராக்களை நாட்டி, வண்டி முதலதைக் கடந்த நேரத்தையும் இரண்டாவதைக் கடந்த நேரத்தையும் ஒப்பிடின், ஒன்பது நிமிடத்தில் வந்தவன் 80 கிலோமீட்டர் விரைவில் வந்தான் என்பது மறைக்கவொண்ணாதது. இடையில் துள்ளுதற்கு இடமில்லை. பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2014-ல் வெளிவந்த ஒரு கட்டுரை, ஓரிடத்துக் காமிராவால் விபத்துக்கள் நூற்றுக்கு 20-ம், இரட்டைக் காமிராவால் 30-ம் குறைவதாகக் கணித்தது.

அடுத்து வேண்டுவது நம்பிக்கை. பிரான்சில் 2018-ன் இறுதியில் எழுந்த மஞ்சட் சட்டைக் கிளர்ச்சியில் அந்நாட்டுக் காமிராக்களுட் பாதிக்கு மேற்பட்டவை சிதைக்கப்பட்டன. உயிர் காக்கும் கருவியென மக்கள் கருதியிருப்பின் அவற்றை உடைத்திரார். நம் மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டு, மின்னணுக் கண்காணிப்பிற்கு இடந்தந்தது. 2021-ல் வகுத்த விதிகள், கருவிக்குத் தரச்சான்றும், சாலையில் எச்சரிக்கைப் பலகையும், பதினைந்து நாட்களுக்குள் அறிவிப்பும் வேண்டும் என்றன. இவை செவ்வனே நடைபெறின் கருவூலப் பழி நீங்கும். அன்றியும், தண்டிய பொருளைக் கடக்குமிடங்களுக்கும் விளக்குகளுக்கும் செலவிடின் அந்த மீன்கூடை அம்மையாரும் காமிராவை வாழ்த்துவார்.

விபத்துற்றார்க்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் தமிழ்நாட்டரசின் திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கப்பட்டது நம் செங்கற்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரிலேயே. விழுந்தபின் தாங்குதற்கு அத்திட்டம் உளது. விழாமற் காத்தற்குக் காமிரா ஒரு துணை, முழுத்துணை அன்று.

முடிவாக, விரைவுக் காமிரா பயனுடையதே என்பது எமது துணிபு. அதன் பயன் அதனை நாட்டினோர் பறைசாற்றும் அளவினதன்று; அதனைப் பழிப்போர் கூறுமாறு வெறுமையும் அன்று. அதன் கண் எட்டுவது சில நூறு மீட்டர். அதற்கப்பாலுள்ள நெடுஞ்சாலை முழுவதும் நம் கையிலும் காலிலும் உள்ளது. மாணவத் தோழர்காள்! அடுத்த விடுமுறையில் மாமல்லபுரம் செல்லுங்கால் கால்மணி நேரம் முந்திப் புறப்படுவீராக. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் காத்திருக்கும் கற்கள் நமக்காக இன்னும் சிறிது நேரம் காத்திருக்கும். நடுத்திட்டில் நிற்கும் அம்மையாரும் அச்சமின்றிக் கடந்து செல்வார்.